மகனின் கோபம் எப்போது ஆபத்தாகிறது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். மகனுக்கு 22 வயது. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் வெடித்த குண்டில் அவனோடு படித்த பிள்ளை இறந்துபோனான். அதற்குப் பிறகும் மகன் மெல்ல மெல்லத் தேறித்தான் வந்தான். இந்த ஆறேழு மாதமாகத்தான் டெலிகிராமில் ஏதோ குழுவோடு விடிய விடிய இருக்கிறான். சின்ன வயதுக் கூட்டாளியான பக்கத்து வீட்டு முஸ்லிம் பையனோடு கதைப்பதில்லை. அவர்களுடைய கடைகளில் சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்களாம், வாங்காதீர்கள் என்று எங்களையும் தடுக்கிறான். இது வெறும் கோபமா? பொலிஸில் சொல்ல வேண்டுமா?

பதில்: தீவிரவாதம் என்றால் மற்றவர் வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று எல்லாச் சமூகமும் நினைத்துப் பழகிவிட்டது. நீங்கள் உங்கள் வீட்டையே பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. அதுவே பெரிய விஷயம்.

கூட்டாளியைப் பறிகொடுத்தவனுக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இத்தனை வருடம் கழித்து இப்போது ஏன்? ஆறேழு மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். வேலை போனதா, காதல் முறிந்ததா, வெளிநாடு போகும் ஏற்பாடு குழம்பியதா? பழைய துக்கம் உள்ளேயே கிடக்கும். புதிதாக ஒரு அடி விழும்போது, "உன் கஷ்டத்துக்குக் காரணம் இவர்கள்தான்" என்று சொல்ல ஒருவன் வந்து சேருவான்.

கூடுதலாக ஜெபிப்பது, தாடி வளர்ப்பது, உடையை மாற்றுவது, அரசியலைத் திட்டுவது எதையும் நான் அறிகுறியாக எடுப்பதில்லை. 2019க்குப் பிறகு உடையைப் பார்த்தே எத்தனை பேரைச் சந்தேகப்பட்டோம் என்று கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். நான் கவனிப்பது பேச்சை. குண்டு வைத்தவர்களைத் திட்டுவது ஒன்று. "அவங்கள் எல்லாரும் இப்படித்தான்" என்பது வேறொன்று. உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகப் பாரமாகப் பட்டது அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான். குண்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று மகனுக்குத் தெரியும். தெரிந்தும் விலக்குகிறான்.

மருந்துக் கதையும் புதிதல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று கிளப்பிவிட்டு, கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். வாதாடினால், சந்தேகப்பட்டால், கூகுளில் தேடினால் நல்லது. "உங்களையும் வாங்கிவிட்டார்களா?" என்று கேட்டால் அவன் கொஞ்சத் தூரம் போய்விட்டான்.

அதைவிடப் பாரதூரமான அறிகுறிகள் இவை, கண்டால் உடனே கவனிக்க வேண்டும். நேரில் பார்த்தே இராத ஒரு "அண்ணா" தனியாகப் பேசி வேலை கொடுப்பது, மறைத்து வைத்த இரண்டாவது சிம், கணக்குச் சொல்ல முடியாத காசு, குறிப்பிட்ட ஒரு கடையையோ பள்ளிவாசலையோ படம் எடுப்பது, திடீரென்று கடனெல்லாம் அடைத்துப் பொருட்களைக் கொடுத்துவிட்டு விடைபெறுகிற மாதிரிப் பேசுவது. வாய்விட்டுச் சொல்வதையும் வெறும் வாய் என்று விடாதீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனியாளாகத் தாக்குதலில் இறங்கிய 119 பேரை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் தம் எண்ணத்தை முன்பே வீட்டாரிடமோ நண்பரிடமோ சொல்லியிருந்தார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? போனைப் பறிக்காதீர்கள். பறித்தால், "வீட்டாரும் உனக்கு எதிரிதான்" என்று அந்தக் குழுவில் யாராவது சொல்வது உண்மையாகிவிடும், மகன் வேறொரு போன் வாங்குவான். சொந்தக்காரரைக் கூட்டிவைத்து விசாரணை நடத்தவும் வேண்டாம். இரண்டு பேரும் தனியாக இருக்கும் நேரத்தில், "அவன் இறந்த நாளைப் பற்றி நீ எங்களிடம் கதைத்ததே இல்லை, என்ன மகன்?" என்று தொடங்குங்கள். குழுவைப் பற்றி அப்புறம் கேட்கலாம். அவன் மதிக்கும் ஒரு ஆள், மாமாவோ பாதரோ பழைய கிரிக்கெட் சேரோ, யாராவது இருந்தால் அவரையும் மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரோடு நீங்கள் வழமைபோலப் பழகுங்கள், மகன் பார்க்கப் பழகுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அவன் வர மறுத்தால் முதலில் நீங்களே போய்க் கதையுங்கள்.

பொலிஸ் விஷயத்துக்கு வருவோம். இடம், நாள், ஆள் என்று ஏதாவது திட்டம் காதில் விழுந்தால் யோசிக்காமல் பொலிஸின் 119 இலக்கத்துக்கு எடுங்கள். 2019 மே 12இல் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் வரியை மிரட்டலாக எடுத்துக்கொண்டதில் தொடங்கி, மறுநாளே மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, நாத்தாண்டியப் பகுதியில் ஒருவர் கொல்லப்பட்டார். அவ்வளவு வேகமாக நடக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். இன, மத வெறுப்பைத் தூண்டினால் 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில் பத்து வருடம் வரை சிறை உண்டு, பிணை மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். அவன் ஏற்கெனவே எதையெல்லாம் பகிர்ந்திருக்கிறான் என்று பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று சட்டத்தரணி சொல்லட்டும். அதுவரை எதையும் நீங்களாக அழிக்க வேண்டாம். "இதைப் பாருங்கோ" என்று குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் பகிர்ந்தவர்களில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள்.