செருப்பு கழன்று போகிறது, பாதம் தூக்க வரவில்லை: சதையா, நரம்பா?

கேள்வி: பல்லடம் பக்கமுங்க, வயது 46. நாலு நாள் தொடர்ந்து சின்ன வெங்காயம் அரியப் போனேன். அஞ்சாம் நாள் காலையில வலது பாதத்தை மேலே தூக்க முடியலைங்க. செருப்பு கழண்டு கழண்டு போகுது. வலி இல்லை. சுளுக்கு எடுத்தும் கேட்கலை. சதை செத்துப்போச்சுங்களா?

பதில்: பயப்படாதீங்க அம்மா. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சதை உயிரோடுதான் இருக்கிறது, அதற்கு உத்தரவு வந்து சேரவில்லை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக விரலால் தடவுங்கள். எலும்பு ஒன்று முட்டாகத் தட்டுப்படும். அதற்குக் கீழேதான் பெரோனியல் நரம்பு எலும்பைச் சுற்றி முன்பக்கம் வருகிறது. மேலே தோலும் துளிக் கொழுப்பும்தான் காப்பு. மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்தால் அங்கே நசுங்கிவிடும். பாதத்தை மேலே தூக்கும் தசைகள் இந்த நரம்பை நம்பித்தான் இருக்கின்றன. பாதத்தின் மேற்புறம் மரத்து, உள்ளங்காலில் உணர்வு சரியாக இருந்தால் என் சந்தேகம் வலுப்படும்.

நம் ஊர்ப் பேச்சில் கையில் பச்சையாகப் புடைப்பதும் நரம்பு, குதிகாலுக்கு மேலே கயிறாக நிற்பதும் நரம்பு. முன்னது ரத்தக்குழாய், பின்னது தசைநாண். உணர்வையும் அசைவையும் கொண்டுபோகும் நிஜ நரம்பு உருவினால் சரியாவதில்லை. வெங்காய அறுவடைக்குப் பிறகு இப்படி வருகிற பலர் ஒரு மாதம் எண்ணெய் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அந்த இடத்தை இனி யாரையும் அழுத்த விடாதீர்கள்.

நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில், அதிகம் போனால் 3 மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். உள் இழை அறுந்திருந்தால் அது நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை வேலையில்லாத தசை மெலியும். ஒன்றரை வருடம் தாண்டினால், நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை பழையபடி எழுவது கடினம். அதனால்தான் பாதத்தைத் தாங்கும் பட்டையும் பிசியோதெரபியும் இப்போதே வேண்டும் என்கிறேன்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, இடுப்பு டிஸ்க், உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் (தொழுநோயும் இதே நரம்பைப் பிடிக்கும்) எல்லாம் பார்க்கணும். நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்ப்பது) 3 வாரம் கழித்து எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். ஒரே பக்கக் கை சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டாம். திரும்ப வேலைக்குப் போகும்போது குட்டையான மணை ஒன்று எடுத்துப் போங்க.