மருந்து போட்டும் போகாத கோழிப்பேன், செள், தெள்ளு: கேள்வி பதில்

கேள்வி: சார், பெர்மெத்ரின் பவுடர் ரெண்டு தடவ தூவிட்டேன். பத்து நாள் நல்லா இருக்கு, திரும்ப வந்துடுது. பகல்ல பிடிச்சுப் பாத்தா உடம்புல ஒண்ணுமே இல்ல. கொண்டை மட்டும் வெளுத்துக்கிட்டே போகுது.

பதில்: பகலில் உடம்பு சுத்தம், ஆனால் கொண்டை வெளுக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிவப்புச் செள்ளைத்தான். அது கோழி மேல் குடியிருப்பதில்லை. பகலெல்லாம் கூண்டின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இருட்டியதும் ஏறி, அரை மணி ஒரு மணி நேரம் இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். நீங்கள் தூவிய பவுடர் அது இருக்கும் இடத்துக்குப் போகவே இல்லை.

உறுதி செய்ய, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை எடுத்து, கோழி அமரும் கட்டையின் அடிப்பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். இரத்தம் குடித்த செள் நசுங்கினால் தாளில் சிவப்புக் கோடு விழும். பகலில் பார்ப்பதானால் கட்டை சுவரில் பொருந்தும் மூட்டைப் பாருங்கள். உப்பும் மிளகுத்தூளும் கலந்து சிந்தியது போல் இருந்தால் அது செள்ளின் எச்சமும் உரித்த தோலும்.

கோழிகளை வேறிடத்தில் அடைத்துவிட்டுக் கூளம் முழுவதையும் மூட்டை கட்டி அகற்றுங்கள். கட்டை, முட்டைப்பெட்டி எல்லாவற்றையும் கழற்றி, இடுக்குகளைக் கம்பியால் சுரண்டி, கொதிநீரைக் கெட்டிலிலிருந்து மூட்டு மூட்டாக மெதுவாக ஊற்றுங்கள். வாளியிலிருந்து வீசினால் தண்ணீர் இடுக்குக்குள் போவதற்குள் ஆறிவிடும். நன்றாகக் காய்ந்தபின், கோழிக்கூண்டுக்கென்று அனுமதி உள்ள மருந்தை இடுக்குகளில் அடியுங்கள். பெரும்பாலான மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. வெப்பமான நாட்களில் முட்டை பொரிந்து முழுச் செள் ஆக ஒரு வாரம் போதும். அதனால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று சுற்று அடிக்க வேண்டும். முதல் சுற்றோடு நிறுத்துவதால்தான் பலருக்கும் திரும்ப வருகிறது.

மூன்று சுற்றுக்குப் பிறகும் குறையவில்லை என்றால் செள்ளுக்கு அந்த மருந்து பழகியிருக்கலாம். பெர்மெத்ரின் வகைக்கு இது பரவலாக நடக்கிறது. அளவைக் கூட்டாதீர்கள், வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். குடிநீரில் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை தரும் ஃப்ளூரலானர் இருக்கிறது. அதைக் கால்நடை மருத்துவர் மூலமாகத்தான் தர வேண்டும்.

கேள்வி: கூண்டை ரெண்டு மாசம் காலியா போட்டா செள் பட்டினில செத்துடுமா?

பதில்: சாகாது. இரத்தமே இல்லாமல் எட்டு மாதம் வரை தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: சார், கோழி வாலுக்குக் கீழ இறகு அடியில சுண்ணாம்பு அப்பின மாதிரி கட்டி இருக்கு. வைக்கோல் நிறப் பூச்சி வேகமா ஓடுது. எவ்வளவு மருந்து?

பதில்: ஓடுவது பேன். அந்தச் சுண்ணாம்புக் கட்டி அதன் ஈர், இறகின் அடித்தண்டில் ஒட்டியிருக்கும். 10 சதவீத பெர்மெத்ரின் திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. அது 0.05 சதவீதக் கரைசல். புட்டியில் கோழிக்கு வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு கோழிக்கு ஏறத்தாழ 40 மில்லி போதும். இறகை எதிர்ப்பக்கமாகத் தூக்கி, ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் தோல் வரை நனையுங்கள். முதுகில் தெளித்தால் மேலிறகோடு வழிந்துவிடும், தோலுக்குப் போகாது. ஈர் இந்த மருந்துக்குச் சாகாது, நான்கு முதல் ஏழு நாளில் பொரியும். எனவே 7 முதல் 10 நாளில் மறுபடி அடியுங்கள். ஒரு கோழியை விட்டாலும் அதிலிருந்து மற்றவற்றுக்கு ஏறிவிடும். மருந்தைப் பூனை, மீன்தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: நாய்க்கு முதுகுல விடுற ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வீட்ல இருக்கு. கோழிக்கு விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முட்டையில் போய்ச் சேரும். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் செள்ளுக்குப் போட்ட மருந்தில் இது கலந்திருந்ததால்தான் லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டினையும் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். இறகையும் தோல் செதிலையும் தின்னும் பேனை அது சரியாகப் பிடிப்பதில்லை. முட்டையை எத்தனை நாள் தவிர்ப்பது என்பதும் அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சேவல் கால் செதில் தூக்கிக்கிட்டு, வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது. மண்ணெண்ணெய் தடவச் சொல்றாங்க.

பதில்: மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். இது செதிலுக்கு அடியில் குடைந்து வாழும் செள். மிதமான சுடுநீரில் கொஞ்சம் சோப்பு கலந்து காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் ஒற்றிவிட்டு வாசலைனைத் தடிமனாகப் பூசுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், இரண்டு வாரம். பிறகு வாரம் ஒரு முறை. செதிலைப் பிய்த்தால் இரத்தம் வரும், விட்டுவிடுங்கள். செள் செத்தாலும் பழைய செதில் உதிர்ந்து புதிது வர மாதங்கள் ஆகும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: கண்ணைச் சுத்தி கருப்பா ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்குது?

பதில்: ஒட்டுத் தெள்ளு. கண்ணருகே மருந்து வேண்டாம். வாசலைனை விரல் நுனியால் அதன் மேல் மட்டும் தடவுங்கள், கண்ணுக்குள் போகக்கூடாது. இதன் புழுக்கள் வளர்வது தரையில், ஆகவே கூளத்தை மாற்றியே ஆகவேண்டும். நாய், பூனை, எலி மேலும் இது ஏறும்.

கேள்வி: சாம்பல், மண் குளியல் மட்டும் போதாதா?

பதில்: வராமல் தடுக்கப் பெரிய உதவி. ஏறிய பிறகு அது மட்டும் போதாது. பெட்டி ஒரு அடி ஆழமாவது இருக்கட்டும், மேலே கூரை வேண்டும், நனைந்த மண்ணில் கோழி குளிக்காது. கந்தகத்தூள் கொஞ்சம் கலந்தால் பலன் கூடும். நுனி அலகு வெட்டிய கோழிகள் இறகைக் கோதிச் சுத்தம் செய்ய முடியாமல் எப்போதும் அதிகம் சுமக்கும், அவற்றை வாரம் ஒரு முறை இறகு விலக்கிப் பாருங்கள். அடைக்கோழியும் அப்படித்தான், எழுந்து குளிக்கப் போவது குறைவு. அதை முட்டையில் வைப்பதற்கு முன்பே பார்த்து, தேவைப்பட்டால் மருந்தடித்து, உலர்ந்த புதுக் கூளத்தில் உட்கார வையுங்கள்.