கிட் லென்ஸில் குத்து கலங்குவது ஏன்?

கேள்வி: உள்ளரங்கக் குத்துச்சண்டைப் போட்டிகளைப் படமெடுக்கிறேன். கேனான் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். முகமும் கையும் கலங்கலாகவே விழுகின்றன. 17-55 எஃப்/2.8 வாங்கவா, 70-200 எஃப்/2.8 வாங்கவா?
- வாசகர், ராயபுரம்

பதில்: ரிங் கயிற்றோரம் நிற்க விடுவார்கள் என்றால் 17-55 போதும். கேலரியில் உட்கார வைத்தால்தான் தூரத்தை இழுக்கும் 70-200. கனமும் விலையும் அதிகம்.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும். உங்கள் லென்ஸ் 55-ல் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/2.8 அதைவிட நான்கு மடங்கு ஒளி தரும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400-ல் ஷட்டர் வேகம் 1/125 விநாடி கிடைத்த இடத்தில் 1/500 வைக்கலாம்; குத்து உறைய அதுவாவது வேண்டும். ஸ்டெபிலைசரை நம்பாதீர்கள், அது உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், பாக்ஸரின் கைக்கு அல்ல.

எஃப்/2.8-ல் ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவாக விழும் தூர அளவு, குறைவு. ஏஐ சர்வோவில் (நகர்பவரைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை), ஒற்றை ஃபோகஸ் புள்ளியை முகத்தில் வையுங்கள். படத்துக்குப் படம் வெளிச்சம் மாறினால் குற்றம் லென்ஸுடையதல்ல: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவில் மினுக்கலைச் சமாளிக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை, விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கடற்காற்று படும் வீட்டில் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.