ஆசிரியர் பதில்: ஐந்தாவது சமூகம் கேட்கலாமா?

கேள்வி: நம் மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை உண்டு. ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. ஆனால் பொதுத் தேர்தலில் நிற்கும் தமிழர் வேட்புமனுவில் 'சமூகம்' என்ற இடத்தில் 'இந்து' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. முஸ்லிம்களுக்கும் சீனர்களுக்கும் இருப்பதுபோலத் தமிழரையும் தனியாக ஐந்தாவது சமூகமாகச் சேர்த்து, தோற்ற வேட்பாளர்களுக்குச் சமூகக் கணக்குப் பார்த்துத் தரும் பெஸ்ட் லூசர் இருக்கைகளில் நமக்கும் பங்கு தர வேண்டும். இதைக் கேட்டு உங்கள் பத்திரிகை ஒரு கையெழுத்து இயக்கம் நடத்துமா? இல்லை, பயமா?
— ஒரு வாசகர், ரோஸ் ஹில்

பதில்: பயம் இல்லை ஐயா. உடன்பாடுதான் இல்லை.

உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இல்லை. 1998இல் புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே ஏற்றியபோது தெருவுக்கு வந்தவர்கள் நாம். நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். சென்சஸ் தாளில் மதம் என்ற இடத்தில் 'தமிழ்' என்று எழுதுகிறவர்களும் நம்மில் ஏராளம். அப்படிப்பட்டவர்களை வேட்புமனுவில் மட்டும் வேறொரு பெயருக்குள் நிற்கச் சொன்னால் உறுத்தத்தான் செய்யும்.

சரி, நீங்கள் கேட்பது கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? நேரடியாக மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 62. மொரீஷியஸ் தீவின் 20 தொகுதிகளில் மும்மூன்று, ரோட்ரிக்ஸ் தீவில் 2. அதற்கு மேல் அதிகபட்சம் 8 பெஸ்ட் லூசர் இருக்கைகள். இவை தோற்றவர்களுக்குப் போவது, அதுவும் அவர்களுடைய சமூகத்துக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்று கணக்கு சொன்னால்தான். நம் ஆட்கள் நாலு பேர் நேராக ஜெயித்து வந்துவிட்டால், 'உங்களுக்குத்தான் இருக்கிறதே' என்று கணக்கு சொல்லிவிடும். வீராசாமி ரிங்காடு இந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனதும், அங்கிடி செட்டியார் தற்காலிகமாக அதே நாற்காலியில் உட்கார்ந்ததும் தமிழருக்கென்று தனி ஒதுக்கீடு இருந்ததாலா? 62க்கான வாசலை விட்டுவிட்டு 8க்கான ஜன்னலில் எட்டிப் பார்ப்பானேன்?

அந்தக் கணக்கு எந்த வருடத்துத் தலைக்கணக்கை வைத்துப் போடப்படுகிறது தெரியுமா? 1972. அதற்குப் பிறகு சென்சஸில் 'எந்தச் சமூகம்' என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கிலும் தமிழர் தனியாக இல்லை. ஆகவே ஐந்தாவது சமூகம் வேண்டுமென்றால், நாடு முழுக்க வீடு வீடாகப் போய் 'நீ யார்' என்று மறுபடி கேட்க வேண்டும். நாம் கேட்டால் தெலுங்கர் கேட்பார்கள், மராட்டியர் கேட்பார்கள். கேட்பதற்கு அவர்களுக்கும் நம்மளவு நியாயம் உண்டு.

யார் தமிழர் என்று யார் சொல்வது? அரசியலமைப்பின் முதல் அட்டவணை இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர் என்று மூன்றைச் சொல்லிவிட்டு, ஒருவருடைய 'வாழும் முறை'யைப் பார்த்தால் இந்த மூன்றிலும் சேராதவர் எல்லாரும் 'பொது மக்கள்' என்ற நாலாவது சமூகம் என்கிறது. வாழும் முறையாம்! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய், வீட்டில் கிரியோல் பேசி, பாட்டி பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்திருக்கும் பெண் எந்தப் பக்கம்? தீமிதிக்கு விரதம் இருக்கிறவர், ஆனால் மனைவி போஜ்புரிக் குடும்பம், அவருடைய பிள்ளைகள் எந்தப் பக்கம்? வேட்பாளர்கள் சிலர் எழுதிக்கொடுத்த சமூகம் சரியா என்று 2000இல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போயிருக்கிறது. இன்னொரு சமூகத்தைச் சேர்த்தால் இன்னும் பத்து வழக்கு வரும், அவ்வளவுதான் நடக்கும்.

நான் கோபப்படும் இடம் வேறு. சமூகத்தை எழுத மாட்டேன் என்கிற குடிமகனின் வேட்புமனுவையே இங்கே தள்ளுபடி செய்கிறார்கள். அவர் பெஸ்ட் லூசர் இருக்கை கேட்கவில்லை. மக்களிடம் ஓட்டு கேட்கத்தான் வந்திருக்கிறார். 'நான் மொரீஷியன், அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னதற்காக வாக்குச்சீட்டில் அவர் பெயரே வராது. ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்நாதிவ் கட்சிக்காரர்கள் 2005 தேர்தலிலிருந்து இதற்காகக் கோர்ட் ஏறினார்கள். இங்கே நியாயம் நிலைக்காமல், கடைசியில் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 1972 கணக்கைப் புதுப்பிக்காமல் வைத்துக்கொண்டு, சமூகத்தை எழுதியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது தன்னிச்சையானது, தேர்தலில் நிற்கும் உரிமையை மீறுவது என்று அந்தக் குழு 2012இல் சொன்னது. அப்புறம்? 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகச் சட்டம். எழுத விரும்பாதவர் எழுத வேண்டாம், பெஸ்ட் லூசர் இருக்கை மட்டும் அவருக்குக் கிடையாது என்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. தேர்தல் முடிந்தது, சட்டமும் காலாவதியானது, பழைய விதி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுதாமல் தேர்தல் நடத்தவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே பதில் இருக்கிறது. நகராட்சித் தேர்தலில் யாரும் சமூகத்தை எழுதித் தருவதில்லை. ரோட்ரிக்ஸ் பிராந்திய சபையில் 12 பேரை வட்டாரவாரியாகத் தேர்ந்தெடுத்து, மேலே குறைந்தது 5 இடங்களைக் கட்சிகள் வாங்கிய ஓட்டின் விகிதப்படி நிரப்புகிறார்கள். அங்கேயும் யாரும் யாருடைய வாழும் முறையையும் விசாரிப்பதில்லை.

ஆனால் பெஸ்ட் லூசரை நாளைக்கே தூக்கி எறி என்று சொல்லவும் நான் தயாரில்லை. அது 1966இன் பயத்தில் பிறந்தது. சுதந்திரம் வந்தால் சிறு சமூகங்கள் நசுங்கிப்போகும் என்ற பயம் அன்று நிஜமானது. தேர்தல் முறையை வகுக்க வந்த பான்வெல் கமிஷன் ஒரு திட்டம் கொடுத்தது, அது சண்டையில் முடிந்தது, லண்டனிலிருந்து பிரிட்டிஷ் அமைச்சர் ஸ்டோன்ஹவுஸ் வந்து சமரசம் பேசினார், அதில் வந்ததுதான் இது. அது செய்யும் இன்னொரு வேலையையும் மறக்கக் கூடாது. 1982, 1995, 2024 என மூன்று தடவை இந்தத் தீவின் 60 இடங்களும் ஒரே அணிக்குப் போயின. 2024இல் தோற்ற அணி வாங்கியது நாலில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டு. ஜெயித்த இடம் பூஜ்யம். பெஸ்ட் லூசரும் இல்லையென்றால் சபையில் எதிர்த்துப் பேச அந்த அணியின் ஆள் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

அதனால்தான் தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான கமிஷன் 2002இல் கொடுத்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கிறது. 62ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கட்சிகள் வாங்கிய ஓட்டைப் பார்த்து அவற்றின் பட்டியல்களிலிருந்து இன்னும் 30 பேரைச் சேர்க்கச் சொன்னார்கள். பட்டியல் போடும் கட்சி எல்லாச் சமூகத்தையும் சேர்த்துப் போடாவிட்டால் ஓட்டு விழாது. ஆகவே தமிழருக்கும் அதில் இடம் வரும், பெயர்ப்பலகை இல்லாமலே வரும். 2018இல் பெஸ்ட் லூசரை மாற்ற ஒரு மசோதா வந்தது. அரசியலமைப்பை மாற்றச் சபையில் தேவையான முக்கால் பங்கு ஆதரவு சேராமல் நின்றுபோனது. 2024 நவம்பரில் ஜெயித்து வந்தவர்களுக்கு அந்த முக்கால் பங்கு தாராளமாக இருந்தது. வேட்புமனு வழக்கில் முன்னால் நின்ற அஷோக் சுப்ரோனே மந்திரியாகவும் ஆனார். இனி 'எண்ணிக்கை போதவில்லை' என்று யாராவது சொன்னால், நம்ப நான் ஆளில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், கையெழுத்து வாங்குவதென்றால் இவற்றுக்கு வாங்கலாம். வாக்காளர் பட்டியல் முதலில். வருடா வருடம் ஆள் வீட்டுக்கு வந்து பெயர் எழுதிப் போகிறார். நீங்கள் வேலைக்குப் போயிருந்தால், வாடகை வீடு மாறியிருந்தால், பெயர் போகிறது. 2019 தேர்தலன்று காலை, பல தடவை ஓட்டுப் போட்ட எத்தனையோ பேர் பட்டியலில் பெயரில்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். கையில் அடையாள அட்டை இருக்கும் குடிமகனை அன்றைக்கே சேர்த்து ஓட்டுப் போட விட என்ன தடை? அப்புறம் வெளிநாட்டுப் பிள்ளைகள். காமன்வெல்த் நாட்டவர் யாராக இருந்தாலும் இங்கே இரண்டு வருடம் வசித்தால் பட்டியலில் சேரலாம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் லண்டனிலோ ரியூனியனிலோ வேலை செய்யும் நம் பையன், விமான டிக்கெட் வாங்கி வந்தால்தான் ஓட்டு. தபால் ஓட்டு என்பதே அவனுக்குக் கிடையாது. தொகுதிகளும் அப்படித்தான்: போர்ட் லூயியின் மூன்றாம் தொகுதிக்கும் சவான்–பிளாக் ரிவரின் பதினாலாம் தொகுதிக்கும் வாக்காளர் எண்ணிக்கையில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம், இரண்டுக்கும் மூன்று பேர்தான். நகராட்சித் தேர்தலோ 2015க்குப் பிறகு 2025 மே மாதம்தான் நடந்தது. இடையில் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். ரோஸ் ஹில்காரரான உங்களுக்குப் பத்து வருடம் நகராட்சி ஓட்டு இல்லை. அதற்கு எந்த ஆசிரியருக்காவது கடிதம் எழுதினீர்களா?

இன்னொன்று. 1948 தேர்தலுக்கு முன்னால், சொத்தும் வருமானமும் உள்ள சுமார் பன்னிரண்டாயிரம் பேருக்குத்தான் இங்கே ஓட்டு. அந்த வருடம் எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று ஆனது. தமிழில் எழுதினாலும் செல்லும். வாக்காளர் எழுபதாயிரத்தைத் தாண்டினார்கள், பெண்களும் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். கரும்புத் தோட்டத்து ஆட்கள் இரவில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டது தங்களுக்கென்று நாலு இருக்கை கேட்க இல்லை. எல்லாரும் போடும் அதே ஓட்டைத் தாங்களும் போட. எழுதத் தெரியாதவருக்கும் ஓட்டு என்பது 1959இல் வந்தது.

ஆகவே, தமிழரை ஐந்தாவது சமூகமாக்கும் மனு இந்தப் பத்திரிகையில் வராது. சமூகத்தை எழுதுவது வேட்பாளரின் விருப்பம் என்று 2014இல் இருந்த விதியை நிரந்தரமாக்கு, தேர்தல் நாளிலும் பெயர் சேர்க்க அனுமதி, வெளிநாட்டில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு கொடு என்ற மூன்றையும் கேட்டு நீங்கள் மனு எழுதினால், இதே பக்கத்தில் முழுதாக அச்சிடுகிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது உங்களுடையதாக இருக்கட்டும். கீழே 'தமிழர்' என்று போட்டுக்கொள்வதும் போடாததும் உங்கள் இஷ்டம்.