ஸ்விங்ஆர்மை எவ்வளவு நீட்டலாம்? வெல்டிங்கா, போல்ட்டா?

கேள்வி: என்னுடையது 1000 சிசி, நான்கு சிலிண்டர் பைக். 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் (drag) ரேஸுக்கு மட்டுமே எடுக்கிறேன். கிளட்சை விட்டதும் முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது. த்ராட்டிலைக் குறைத்து அதை இறக்குவதற்குள் நேரம் போய்விடுகிறது. பின்சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஒரிஜினல் அலுமினிய ஸ்விங்ஆர்மை வெட்டி, நடுவில் துண்டு கொடுத்து வெல்டிங் வைத்து 150 மிமீ நீட்டித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அந்த ஆர்மை வெட்டாதீர்கள். 150 மிமீ நீளமும் உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் எவ்வளவு நீட்ட வேண்டும் என்று பார்ப்போம். பின்சக்கர ஆக்சிலிலிருந்து வண்டியின் எடை மையம் எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு அளவுகள்தான் முன்சக்கரம் எப்போது தூக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால், சக்கரம் தரையை விடுவதற்கு முன் வண்டி எத்தனை 'ஜி' (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு) வேகமுடுக்கம் தாங்கும் என்பது கிடைத்துவிடும். உங்கள் ரக பைக்குக்கு ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம்: வீல்பேஸ் (இரு ஆக்சில்களுக்கும் இடையிலான தூரம்) 1420 மிமீ, ஓட்டுநரோடு சேர்த்த எடை மையம் சரிபாதியில், அதாவது 710 மிமீ முன்னால், உயரம் 640 மிமீ. 710-ஐ 640-ஆல் வகுத்தால் 1.11 ஜி. ஆர்மை மட்டும் 150 மிமீ நீட்டினால் 860-ஐ 640-ஆல் வகுத்து 1.34. அதற்குப் பதிலாக வண்டியை முன்னும் பின்னும் 40 மிமீ இறக்கி, ஆர்மை 100 மிமீ மட்டும் நீட்டினால் 810-ஐ 600-ஆல் வகுத்து 1.35. பலன் ஒன்றுதான், நீளத்தில் 50 மிமீ மிச்சம்.

அந்த 50 மிமீயை ஏன் மிச்சப்படுத்த வேண்டும்? நிற்கும்போது பின்டயரின் மேல் இருக்கும் எடை, நீட்ட நீட்டக் குறையும். 50 சதவீதமாக இருந்தது, 150 மிமீ நீட்டினால் 45 சதவீதத்துக்கு வந்துவிடும். புறப்படும்போது பின்னால் மாறும் எடையும் வீல்பேஸ் கூடுவதால் குறையும். அளவுக்கு மேல் நீட்டிய வண்டியில் முன்சக்கரம் தூக்காது, ஆனால் பின்டயர் நின்ற இடத்திலேயே சுழலும். ஒரு தொல்லை போய் இன்னொன்று வந்ததுதான் மிச்சம். (150, 200 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஆர்ம் நீட்டவே தேவையில்லை. இறக்குவதும் கிளட்ச் பழக்கமும் போதும்.)

சரியான எண்ணைச் செயின் சொல்லும். உங்கள் பைக்கின் செயின் 520, 525, 530 எதுவானாலும் ஒரு லிங்க் 15.875 மிமீ. ஆர்ம் எவ்வளவு நீள்கிறதோ, செயின் அதைப்போல் இரண்டு மடங்கு நீள வேண்டும். லிங்க்குகள் இரட்டைப்படையாகத்தான் கூட வேண்டும். அரை லிங்க் போட்டு ஒப்பேற்றுவது டிராக் பைக்குக்கு ஆகாது. 12 லிங்க் கூட்டினால் 95 மிமீ, 14 கூட்டினால் 111 மிமீ. உங்களுக்கு 95 மிமீ பொருந்தும். பழைய செயினோடு துண்டு சேர்க்காமல் முழு நீளத்துக்குப் புதுச் செயின் வாங்கி, கிளிப் லிங்க்குக்குப் பதில் ரிவெட் லிங்க் போடுங்கள்.

இனி வெல்டிங் ஏன் வேண்டாம் என்பது. அலுமினிய ஆர்ம் ஒரே உலோகத்தால் ஆனதாக இருப்பது அரிது. பிவட் (ஆர்ம் சட்டத்தில் மாட்டிச் சுழலும் அச்சு) பக்கம் வார்ப்பு, நடுவில் பெட்டிக் குழாய், ஆக்சில் முனையில் வேறொரு வார்ப்பு என்று இருக்கும். குழாய் 6061-டி6 என்ற அலுமினியக் கலவை என்றால், வெல்டிங் தையலை ஒட்டிய 25 மிமீ அளவுக்கு அதன் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர ஆர்ம் முழுவதையும் 530 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். குளிர்விக்கும்போது ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். 7020 போன்ற கலவை வெல்டிங்குக்குப் பிறகு சாதாரண வெப்பநிலையிலேயே சில வாரங்களில் வலிமையின் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். 7075-ஐ வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். உங்கள் ஆர்ம் எந்தக் கலவை என்பது வெளியே பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. தெரியாத கலவையில் தையல் போட்டு அதை நம்பி ஏறுவது உயிரோடு விளையாடுவது.

அந்தத் தையல் என்ன சுமை தாங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். வண்டியும் ஆளுமாக 280 கிலோ, 1.2 ஜி புறப்பாடு, டயர் ஆரம் 310 மிமீ, பின்னால் 42 பல் ஸ்ப்ராக்கெட் என்றால், செயினின் மேல்பக்க இழுவிசை ஏறக்குறைய ஒரு டன். அது ஒரு பக்கமாக ஆக்சிலை முன்னோக்கி இழுக்கிறது. அதோடு சக்கரம் ஆர்மை மேல்நோக்கி வளைப்பதால், ஆர்மின் அடிப்பக்கம் இழுபடும். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான், அதுவும் தையலின் ஓரத்திலிருந்துதான் கிளம்பும்.

ஆகவே, உங்கள் மாடலுக்கென்றே செய்த முழு நீள ஆர்ம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. அடுத்தது, ஆக்சில் துளையில் செருகி போல்ட் போடும் நீட்டிப்புக் கட்டை. வாங்குமுன் கட்டையை வெறும் கையால் துளையில் செருகிப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டும்போது 'டொக்' என்று சத்தம் வந்தால் வேண்டாம். உள்ளே நுழையும் பகுதி நீட்டும் அளவில் பாதிக்காவது இருக்க வேண்டும். போல்ட் 10.9 அல்லது 12.9 தரம், வெட்டுவிசை விழும் இடத்தில் மரை இருக்கக் கூடாது, வழவழப்பான தண்டு இருக்க வேண்டும். செயின் பக்க அட்ஜஸ்டர் சரியாக முட்டுக்கொடுக்காவிட்டால், முதல் ஓட்டத்திலேயே ஆக்சில் அந்தப் பக்கம் முன்னால் நகர்ந்து சக்கரம் கோணிக்கொள்ளும்.

இரும்பு ஆர்ம் வைத்திருப்பவர்கள் வெல்டிங் செய்துகொள்ளலாம், முறையாகச் செய்தால். ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடத்தை விட்டு, ஆக்சிலுக்கு நெருக்கமாக வெட்டுங்கள். வளைவுச் சுமை அங்கே குறைவு. நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, உள்ளே இறுக்கமான ஸ்லீவ் கொடுத்து, துளை வழியாக பிளக் வெல்டும் சுற்றிலும் டிக் வெல்டிங்கும் போட வேண்டும். பேரிங்கையும் சீலையும் முன்பே கழற்றிவிடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற 3 மிமீ துளையை ஆர்மின் பக்கவாட்டில், நடு உயரத்தில் போடுங்கள், அடிப்பக்கத்தில் வேண்டாம். ஜிக்கில் (ஆர்மை அசையாமல் பிடிக்கும் சட்டம்) பிவட்டுக்கும் ஆக்சிலுக்கும் நேரான தண்டுகளை மாட்டி, இரு பக்க நீளமும் 0.5 மிமீக்குள் ஒத்திருக்கிறதா, தண்டுகள் இணையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நான்கு மூலைகளிலும் புள்ளி வெல்டு வையுங்கள். பிறகு 25 மிமீ தையல், எதிர்ப்பக்கம் 25 மிமீ என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பலரும் மறப்பது ஸ்பிரிங்கை. ஷாக் இருந்த இடத்திலேயே இருக்க, ஆர்ம் மட்டும் 580 மிமீயிலிருந்து 675 மிமீ ஆனால், சக்கரத்துக்கு நெம்புகோல் பலம் 1.16 மடங்கு கூடும். சக்கரம் உணரும் விறைப்பு அதன் வர்க்கப்படி குறையும். பழைய விறைப்பு வேண்டுமென்றால் சுமார் 35 சதவீதம் கடினமான ஸ்பிரிங் தேவை. மாற்றாவிட்டால் புறப்படும்போது பின்பக்கம் அமுங்கி, எடை மையம் இன்னும் பின்னால் சாயும். பின்பக்கத்தை இறக்கும்போது ஆக்சில் பிவட்டை விட உயரத்துக்கு வந்துவிடாமலும் பாருங்கள். வந்தால் செயின் இழுப்பே அமுக்கத்தைக் கூட்டும்.

பின் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர் இரண்டும் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் இழுபடக் கூடாது. செயின் ஸ்லைடரைப் புதிதாக மாற்றுங்கள். நீளச் செயின் கீழ்ப்பக்கம் அதிகமாக அடிக்கும். முன் ஸ்ப்ராக்கெட், பிவட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுகும், தளர்வை அங்கே வைத்துச் சரிசெய்யுங்கள். சைடு ஸ்டாண்டையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிய வண்டி மறுபக்கம் விழும்.

சக்கர நேரைப் பார்க்க ஆர்மில் உள்ள பழைய கோடுகளை நம்பாதீர்கள். பிவட் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இருபுறமும் அளந்து வையுங்கள். முதல் ஐந்து ஓட்டங்களைக் குறைந்த ஆர்பிஎம்மில் புறப்பட்டு முடித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு போல்ட் டார்க்கைச் சரிபாருங்கள். வெல்டிங் வைத்த ஆர்மாக இருந்தால் அடிப்பக்கத் தையலைத் துடைத்து டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள். முடியிழை அளவு சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த ஆர்ம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும், அதன் மேல் இன்னொரு தையல் கூடாது.