இன்ஜின் மாற்றிய கார்

கேள்வி: 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் விலைக்கு வருகிறது. இன்ஜின் மாற்றியதாம். "புதுசு மாதிரி ஓடும்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: அவர் வேறு என்ன சொல்வார்! பானெட்டைத் திறக்கும் முன் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள இன்ஜின் எண்ணும் இன்ஜின் பிளாக்கில் (இன்ஜினின் உடற்பகுதியில்) குத்தியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதியாமல் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் கிளைம் எல்லாமே இழுபறி. எண் மேல் கிரைண்டர் தேய்த்த தடம் தெரிந்தால் பேரமே வேண்டாம்.

அப்புறம், இன்ஜின் வாங்கிய பில் கேளுங்கள். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த இன்ஜினின் ஓட்டத்தை இந்த வண்டியின் மீட்டர் காட்டாது. காலையில் போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று பானெட்டைத் தொட்டால் தெரியும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றுங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், விட்டுவிடுங்கள். எல்லாம் சரியா? விலையைக் கறாராகக் குறைத்துக் கேட்டு வாங்கலாம்.