ஏழடி உயரத்தில் அப்பாவின் புத்தகங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு மன்னார்குடி வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு வருடமாகத் தாம்பரம் பக்கம் எங்கள் ஃபிளாட்டில் இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, தனி அறை, டிவி எல்லாம் கொடுத்திருக்கிறோம். ஆனால் கூடவே பதினோரு பெட்டி புத்தகம் கொண்டுவந்துவிட்டார். இடமில்லாததால் லாஃப்டில் ஏற்றியிருக்கிறோம். சாயங்காலமானால் மூன்றாவது மாடிப் பையன், எட்டாவது படிக்கிறவன், வந்துவிடுவான். அவன்தான் ஏணி போட்டு ஏறி அப்பாவுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பான். ஏழு மணி வரைக்கும் இரண்டு பேரும் வாசிப்பதும் சிரிப்பதும்தான். என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குத் தூசியில் தும்மல். புனேயில் இருக்கும் தம்பி, "எல்லாத்தையும் லைப்ரரிக்குக் கொடுத்துடுக்கா" என்கிறான். அப்பா மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: ஏணியில் ஆரம்பிப்போம் சகோதரி. தூசியைப் பற்றி எழுதினீர்கள், கணவருக்குப் பிடிக்காததை எழுதினீர்கள், தம்பியின் யோசனையை எழுதினீர்கள். ஏணியை மட்டும் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். 79 வயது மனிதரின் புத்தகங்களைத் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அவரால் ஏற முடியாது. ஆபீஸிலிருந்து களைத்து வரும் மகளையோ மாப்பிள்ளையையோ கேட்கக் கூச்சம். கூச்சமில்லாமல் கேட்க முடிகிற ஒரே ஆள் எட்டாவது படிக்கிற பையன். இந்தச் சினேகிதம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். உங்கள் லாஃப்டிலிருந்து இறங்கி வந்ததுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெட்டி எத்தனை என்று சரியாக எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது, அப்பா எதை வாசித்துச் சிரிக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது அந்த ஏணியில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கணக்குப் போடும் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வாராவாரம் வருகின்றன. வந்த விருந்தாளிக்குக்கூட அதைத்தான் செய்கிறோம். தன் வீடு என்று ஒருவர் நினைக்க வேண்டுமென்றால், தனக்கு வேண்டியதை யாரையும் கேட்காமல் கை நீட்டி எடுக்க முடிய வேண்டும். உங்கள் அப்பாவால் தண்ணீர் பாட்டிலை அப்படி எடுக்க முடியும். புத்தகத்தை எடுக்க முடியாது.

அவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டியைத் தொடங்கிவைத்தவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கென அவர் எழுதிய ஐந்து விதிகள் வெளியானதும் அதே 1931இல்தான். முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. படிக்கிறவனைத் தேடிப் புத்தகம் வண்டியில் போன ஊரிலிருந்து வந்தவருக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஓர் அலுமினிய ஏணி.

இனி வேலைக்கு வருவோம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு பெட்டியையும் இறக்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். மதியத்துக்குள் ஹால் முழுக்கப் புத்தகமாகி, சாயங்காலம் வீட்டில் சண்டை வந்து, மறுநாள் எல்லாம் மேலேயே திரும்பிப் போகும். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி போதும். பெரியவர்கள் யாராவது ஏறட்டும், பையன் வேண்டாம். அப்பாவைப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். தூசி தட்டுவதற்கு ஈரத்துணி ஆகாது. அட்டையில் கறை பிடிக்கும், உள்ளே பூஞ்சை வரும். பெயின்ட் கடையில் இரண்டு அங்குல பிரஷ் கிடைக்கும். புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளித் தட்டுங்கள். உங்களுக்குத் தும்மல் என்றால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். மலிவுத் தாளில் மரக்கூழ் அதிகம். வெளிச்சமும் சூடும் பட்டால் பழுத்து அப்பளம் மாதிரி நொறுங்கும். கான்கிரீட் கூரையை ஒட்டிய லாஃப்டில் இரண்டு கோடை இருந்ததே போதாதா? நிழலில் விசிறி போலப் பிரித்து நிறுத்தி இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் போதும்.

தாளின் மேல்பரப்பு அங்கங்கே சுரண்டியது போல இருந்தால் அது வெள்ளிப்பூச்சி. பைண்டிங் பசையில் இருக்கும் மாவுக்காகத்தான் வரும். அப்படிப்பட்ட புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீஸரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வைத்துவிட்டுப் பிரிக்க வேண்டும். உடனே பிரித்தால் தாள் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஐஸ்க்ரீமுக்குப் பக்கத்தில் புத்தகமா என்று மாப்பிள்ளை கேட்பார், கேட்கட்டும். நாப்தலின் உருண்டை வேண்டாம். வயதானவரும் குழந்தையும் மணிக்கணக்கில் உட்காரும் அறையில் அந்த நெடி ஆகாது. காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வையுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாலு வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிற்கும்.

அலமாரிக்கு வருவோம். முக்கால் அங்குலப் பிளைவுட், ஒவ்வொரு தட்டும் மூன்றடி நீளத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். மூன்றடித் தட்டு நிறையப் புத்தகம் வைத்தால் இருபது இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அதற்கு மேல் நீட்டினால் ஒரே வருடத்தில் நடுவில் தொங்கிப்போகும். தட்டுக்குத் தட்டு பத்து அங்குல இடைவெளி, பத்து அங்குல ஆழம் போதும். ஒரு தட்டுக்குச் சுமார் நாற்பத்தைந்து புத்தகம் பிடிக்கும். சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வைத்து, மேலே எல்-கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள். குழந்தை தட்டில் காலை வைத்து ஏறினால் அலமாரி மேலே சாய்ந்துவிடும். பாத்ரூம் சுவர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம், ஈரம் இழுக்கும். தரையிலிருந்து இரண்டடிக்கு மேல், நாலரை அடிக்குக் கீழ். இந்த உயரத்தில் இருக்கிற தட்டுகள் அப்பாவுக்கு. அவர் குனியவும் கூடாது, எக்கவும் கூடாது. அடித்தட்டும் உச்சித்தட்டும் பையனுக்கு. இதற்கு ஆகும் செலவில் பாதியைப் புனே தம்பியிடம் கேட்டு வாங்குங்கள். போனில் யோசனை சொல்ல முடிந்தவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பவும் தெரிந்திருக்கும்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்பதை அப்பாவின் கை தீர்மானிக்கட்டும். அவரே கொடுக்க எடுத்து வைப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் அள்ளிக்கொண்டு போய்க் கிளை நூலகத்தில் இறக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கிழிந்தது, ஏற்கெனவே நாலு பிரதி இருப்பது என்றால் வாங்கமாட்டார்கள், வாங்கினாலும் மூலையில் கிடக்கும். முதலில் பட்டியல் எழுதிக் காட்டிக் கேளுங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்து எடுத்து, பைண்டு செய்து வைத்த தொகுதி ஏதாவது அந்தப் பெட்டிகளில் இருந்தால் (அந்தத் தலைமுறையில் இல்லாத வீடு அபூர்வம்) அதைப் பழைய பேப்பர்க்காரர் தராசில் வைக்காதீர்கள். படத்தோடும் விளம்பரத்தோடும் அப்படியே இருக்கும் அந்தப் பக்கங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் தேடுகிறவை. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் பழைய நூல்களையும் இதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்ததிலிருந்து உருவானதுதான். அங்கே விசாரியுங்கள், அதுவும் அப்பா சரி என்று சொன்னால் மட்டும்.

அடுத்து அந்தப் பையன். உங்கள் கணவருக்குப் பிடிக்காததில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அடுத்த வீட்டுக் குழந்தை தினமும் வந்து ஏழு மணி வரை இருக்கிறான் என்றால், அவன் அம்மாவிடம் நீங்கள் நேரில் போய்ப் பேசியிருக்க வேண்டும். கடிதத்தில் அவரைப் பற்றி எதுவுமே இல்லை. இன்றைக்கே மூன்றாவது மாடிக்குப் போங்கள். ஐந்தரையிலிருந்து ஆறேமுக்கால் வரை, ஹாலில், வாசல் கதவு திறந்திருக்க. பரீட்சை நாட்களில் கிடையாது. இது உங்கள் அப்பாவுக்கும் பாதுகாப்பு, பையனுக்கும் பாதுகாப்பு. மற்ற பாதி, வீட்டில் சத்தம், பிரைவசி இல்லை என்பதெல்லாம், ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அந்த நேரத்தில் டிவி ஓடினால் பொறுத்துக்கொள்கிறீர்கள்தானே?

பையன் ஆங்கில மீடியமாக இருந்தால் தமிழ் பேசுவான், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். முழுப் பக்கம் கொடுத்தால் மூன்றாம் நாள் வரமாட்டான். அப்பா ஒரு பத்தி, அவன் ஒரு பத்தி. இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; கதை முடிச்சு விழும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். தொடர்கதை படித்து வளர்ந்த உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ழகரம் தடுக்கினால் படிக்கும் நடுவில் திருத்தாமல், முடித்த பிறகு திருத்தட்டும். அப்பாவுக்குப் பின்னால், இடது பக்கமாக ஒரு மேசை விளக்கு வையுங்கள். கண் பரிசோதனை செய்து வருடம் ஆகிவிட்டதென்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். புரை வளர்ந்தவர்கள் "எழுத்து சின்னதாப் போட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே வாசிப்பை விட்டுவிடுவார்கள்.

மற்ற பிள்ளைகளும் வந்தால் சந்தோஷம். ஆனால் வாட்ஸப் குரூப், பேனர், ரிப்பன் வெட்டு என்று தொடங்கிவிடாதீர்கள். அப்படித் தொடங்கியவற்றில் நாலாவது வாரம் தொடங்கியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஒரு நீள நோட்டு போதும்: புத்தக எண், பெயர், ஃபிளாட் எண், கொடுத்த தேதி, வந்த தேதி. ஒருவருக்கு இரண்டு புத்தகம், பதினான்கு நாள். அபராதம் போட்டால் பிள்ளைகள் பயந்து புத்தகத்தை ஒளித்துவைப்பார்கள். பழையது வந்தால்தான் புதியது என்று மட்டும் வையுங்கள். நோட்டை எழுதுவது பையனின் வேலை. தபால்காரரிடம் பயிற்சி, கணக்கு தப்பாது. அசோசியேஷனில் கேட்டு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பொது ஹாலில் ஒரு மேசை போட்டுக்கொள்ளலாம், இது மூன்று மாதம் நடந்த பிறகு. அதோடு இரண்டு பேரையும் கிளை நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். 1948லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது; சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்பா மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. கேட்பதற்குத்தான் இருக்கிறது. நாளை சாயங்காலம், பையனும் இருக்கும்போது கேளுங்கள்: "எந்தப் பெட்டியைப்பா முதல்ல இறக்கட்டும்?" அவர் சொல்லும் பெட்டி எப்படியும் அடுக்கில் அடியில்தான் இருக்கும். மேலே இருக்கிற நாலையும் இறக்கி வைத்துவிட்டு, அதை எடுங்கள்.